தோஜ் கட்டிய அமலநாதன்

புதுச்சேரி உப்பளத்தில் மாதா கோயில் தெருவுக்குள் போய் யாரையாவது நிறுத்தி, தோஜ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பழைய காலத்து ரோமாபுரிக்காரன் உடம்பில் சுற்றிக்கொண்ட துணி என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. "அதுங்களா? செய்ய வேண்டியதச் செய்யாம நைசா நழுவறதுங்க" என்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று போன் போட்டால், "அது எங்க செக்‌ஷன் இல்லீங்க" என்று அந்தப் பக்கம் பதில் வரும். "பாத்தியா, தோஜ் போட்டுட்டான்!" என்று இந்தப் பக்கம் போனை வைப்பார்கள். அழுது அடம்பிடித்து நாய்க்குட்டி வாங்கிய பிள்ளை, கொஞ்ச நாளில் அதற்குச் சோறு வைக்க மறந்தால், "வளக்கறேன்னு நீதான சொன்ன? இப்ப என்னா தோஜ் போடற?" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஊர் உலகமெல்லாம் 'கை கழுவிட்டான்' என்று சொல்கிற இடத்தில் இந்தத் தெரு தோஜ் போடும். பக்கத்துத் தெருக்காரனுக்கே இது புரியாது.

இதெல்லாம் பாஸ்காவால் வந்தது. இயேசு பாடுபட்டு மரித்த கதையைத் தவக்காலத்தில் மேடை போட்டு நடத்திக் காட்டுவார்களே, அந்த நாடகம்தான் பாஸ்கா. பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் முதன்முதலாக இங்கே அதை ஏற்பாடு செய்தாராம். இயேசுவை விசாரித்த ரோமாபுரிக் கவர்னர் பிலாத்துவுக்கு என்ன உடுத்துவது என்று கேட்டதற்கு, தோஜ் என்று பிரெஞ்சில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவர் பூசைக்குப் போய்விட்டார். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் தோஜ் யாருக்குத் தெரியாது? கோர்ட்டில் நீதிபதி போடுகிற கறுப்பு அங்கி. பிலாத்து மட்டும் யாராம், அவனும் தீர்ப்புச் சொல்கிறவன்தானே? கழுத்தில் வெள்ளைப் பட்டி வைத்து, அகலக் கை வைத்து, ஜோராகத் தைத்துவிட்டார்கள். சாமியார் மேடையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாரோ என்னவோ, மாற்றச் சொல்லவில்லை. அன்று தொட்டு இந்தக் கோயில் பிலாத்து, கடலூர் கோர்ட்டுக்குக் கிளம்பின வக்கீல் மாதிரிதான் மேடையேறுவான். அந்தக் கறுப்பு அங்கியோடு நின்று, குற்றம் ஒன்றுமில்லை என்று தெரிந்த மனுஷனைக் கொலைக்கு அனுப்பிவிட்டு, தண்ணீரில் கையைக் கழுவுவான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தெருவுக்கு அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், வருஷா வருஷம் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றவர் அமலநாதன். இந்தத் தெருவிலேயே யார் காரியத்தையும் கை கழுவத் தெரியாத ஒரே ஆள்.

அமலநாதனிடம் ஒரு குட்டியானை இருந்தது. சின்ன லோடு வண்டியைத்தான் சொல்கிறேன். முத்தியால்பேட்டையிலிருந்து தவளக்குப்பம் வரைக்கும் வீடு மாற்றுகிறவர்களுக்கு அதுதான் வண்டி. சாமானை இறக்கிவிட்டு வாடகையை வாங்கிக்கொண்டு வருவதுதானே டிரைவர் வேலை? இவர் வரமாட்டார். பீரோவை நேராக வைத்து, மின்விசிறியை மாட்டி, அடுப்புக்கு டியூபைச் சொருகிக் கொடுத்து, அந்த வீட்டம்மா முதல் காபி போட்டுக் குடிக்கிறவரைக்கும் இருந்துவிட்டு வருவார். ஒருமுறை ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தவளக்குப்பம் போய் நின்றால், வீட்டுக்காரன் வேறு ஆளுக்கு வீட்டை விட்டுவிட்டான். ஆளைக் காணோம். என்ன செய்வார் நம்ம ஆள்? சாமானை வண்டியிலேயே தார்ப்பாய் போட்டு மூடி, அந்தப் புருஷன் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் நேராகத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

வாசலில் நின்ற ஸ்டெல்லாமேரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அவருடைய பெண்டாட்டி, வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், அதுமட்டுமில்லாமல் பாஸ்காவுக்கு உடை ஜோடனை அத்தனையும் அவள் பொறுப்பு.

"ஊரு முன்னாடி மட்டும் தோஜ் போடத் தெரியுதில்ல? வூட்டுக்காக ஒரு நாளு போட்டா என்னா?" என்றாள்.

"கொழந்த பசியில அழுவுது மேரி" என்றார் அவர்.

அவ்வளவுதான். திட்டிக்கொண்டே உலை வைத்தாள். அந்தக் குடும்பம் வேறு வீடு கிடைத்துப் போனபோது, அந்தக் குழந்தையைப் பிரிய முடியாமல் மூக்கைச் சிந்தினவளும் அவள்தான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

போன வருஷம் மழைக்காலம் முடிந்து பனி இறங்கின சமயம் அது நடந்தது. விடியற்காலையில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, தவளக்குப்பம் சிக்னலில் பச்சை விழுந்தும் அமலநாதனின் வண்டி நகரவில்லை. பின்னால் ஆரன் அடித்துப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இறங்கி வந்து எட்டிப் பார்த்தால், அவர் தன் இடது கையைக் கியரின் மேல் வைத்துக்கொண்டு, அது ஏன் அசையவில்லை என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சுக்குப் பழுதில்லை. காலும் மெல்ல மெல்ல வந்துவிட்டது, கொஞ்சம் இழுத்து நடப்பார். கைதான் வரவில்லை. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, விரல்கள் உள்ளே மூடிக்கொண்டன. கியர் போடுகிற கை போனபிறகு டிரைவருக்கு என்ன மிச்சம்? குட்டியானையை அவருடைய கூட்டாளி கலியமூர்த்தி ஓட்ட ஆரம்பித்தார்.

வண்டி போனதைக்கூட அமலநாதன் தாங்கிக்கொண்டார். ஜனங்கள் வந்து பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து உட்கார்ந்து, "நாலு பேருக்கு நல்லது செஞ்ச மனுஷனுக்கு இப்புடி ஒரு கேடா, ஐயோ பாவம்" என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் அதுவரை யாரிடமும் பாவம் வாங்கிப் பழகினவர் இல்லை. கையை மூடித் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். பிறகு வெளியே போவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு இருட்டோடு போய்க் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார், ஜனங்கள் வெளியே வருமுன் திரும்பிவிடுவார். கூடவே கலகலப்பும் போய்விட்டது. முன்பெல்லாம் ஸ்டெல்லாமேரி ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவர், இப்போது அவள் என்ன திட்டினாலும் "சரி" என்பார். அந்தச் 'சரி' அவளைக் கொன்றது. கை போனால் போகட்டும், பழைய மனுஷன் எனக்குத் திரும்பி வரவேண்டும், நாலு பேர் நடுவில் போய் நிற்கவேண்டும் என்று அவள் மாதாவிடம் வேண்டாத நாளில்லை. சிலநாள் வேண்டுதல் சண்டையாகக்கூட முடிந்தது.

இப்படி இருக்கையில்தான் தவக்காலம் வந்தது, ஜூலியனும் வந்தான். ஜூலியன் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். இந்தத் தடவை பாஸ்காவை நடத்துகிற பொறுப்பைப் பங்குச் சாமியார் அவனிடம் கொடுத்திருந்தார்.

"பிலாத்துக்கு வேற ஆளப் பாத்துக்க தம்பி" என்றார் அமலநாதன், அவன் உட்காருவதற்குள்ளேயே.

"பாத்துட்டேண்ணே. மூணு பேர நிக்க வெச்சுப் பாத்தேன். ஒருத்தனுக்கும் கொரலு வெளிய வரல. தீர்ப்புச் சொல்லச் சொன்னா ரேஷன் கடையில பேரு படிக்கிற மாதிரி படிக்கிறான்."

"அந்த அங்கியில ரெண்டு கையும் வெளிய வரணும்." அமலநாதன் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

முன்னறை மிஷினில் ஸ்டெல்லாமேரியின் கால் நின்றுபோனது. ஜாக்கெட் பாதித் தையலில் கிடந்தது.

ஜூலியன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். பாரீசில் அவனுடைய மாமா குடும்பம் இருக்கிறது. போன கோடையில் போனபோது அங்கே மியூசியத்தில் எடுத்ததாம். பளிங்குச் சிலை, மேலிருந்து கீழ்வரைக்கும் மடிப்பு மடிப்பாகத் துணி சுற்றின ஒரு ஆள்.

"இதான்ணே தோஜ். நம்ம போட்டுக்கிட்டு இருந்தது கோர்ட்டு அங்கி. இந்த வருஷம் நெஜமான தோஜே கட்டலாம்னு பாக்கறேன்."

அமலநாதன் படத்தை வாங்கிப் பார்த்தார். ஆர்வம் அவரையும் மீறி வந்துவிட்டது. "என்னாடா இது, வேட்டிய எடுத்துப் பொடவையாட்டம் கட்டியிருக்கறான்!"

"அப்டித்தான். தைக்கிறதே கெடையாது. அரைவட்டமா ஒரே துணி, கம்பளியில. ஆனா நெனச்சவன்லாம் கட்டிக்க முடியாது. ரோமாபுரிக் குடிமகன் மட்டுந்தான் கட்டலாம். அடிமை கட்டக்கூடாது, வெளியூரான் கட்டக்கூடாது. ஊரவுட்டுத் தள்ளி வெச்சாங்கன்னா தோஜ அவுத்துக் குடுத்துட்டுத்தான் போவணும். பொம்பள யாராவது தோஜ் கட்டினா, அவ நடத்தை சரியில்லன்னு அர்த்தம்."

"ஏன், பொம்பளைன்னா மட்டும் எளக்காரமா?" என்று முன்னறையிலிருந்து ஸ்டெல்லாமேரியின் குரல் வந்தது.

"நான் சொல்லலக்கா, ரோமாபுரிக்காரன் சொன்னான். தேர்தல்ல நிக்கறவன் அந்தத் துணியில சுண்ணாம்புப் பொடியத் தேச்சு, வெள்ள வெளேர்னு பண்ணிக்கிட்டுத் தெருத் தெருவா ஓட்டு கேட்டுப் போவானாம்."

அமலநாதன் சிரித்துவிட்டார். "அப்பவே நம்மாளுங்க அங்க இருந்துருக்கறாங்க!"

அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. ஸ்டெல்லாமேரி அறை வாசலுக்கே வந்துவிட்டாள், கையில் கத்தரிக்கோலோடு.

"இதுல என்னா கூத்துன்னாண்ணே, அவ்ளோ மரியாதையான துணிய யாருக்கும் கட்டப் புடிக்காது. கனம், புழுக்கம். தனியா ஒருத்தன் கட்டிக்கவே முடியாது, கட்டிவுட ஆளு வேணும். ஊசி கெடையாது, பொத்தான் கெடையாது. இடது கைய மடக்கி நெஞ்சோட வெச்சு, அதுமேல மடிப்பத் தாங்கணும். தோஜ் கட்டினவனுக்கு இடது கைக்கு வேற சோலியே கெடையாது. எந்தச் சிலையப் பாத்தாலும் இப்டித்தான் இருக்கும்." ஜூலியன் தன் கையை மடக்கிக் காட்டினான். "வலது கை மட்டுந்தான் வெளிய."

அமலநாதன் துண்டுக்குள் இருந்த தன் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஸ்டெல்லாமேரி ஜூலியன் முகத்தைப் பார்த்தாள். அவன் போனைப் பையில் வைப்பதில் மும்முரமாக இருந்தான்.

அவன் கிளம்பும்போது வாசல்வரை போய்ப் பிடித்துக்கொண்டாள். "டேய், நெஜத்தச் சொல்லு. இவருக்காகத்தான இந்தத் துணியத் தேடிக் கண்டுபுடிச்ச?"

"நான் சரித்திரம் சொன்னேன்கா. அவ்ளோதான்" என்று ஸ்கூட்டரை உதைத்தான் அந்தக் கள்ளப் பயல்.

மறுநாளே அவள் கடைத்தெருவுக்குப் போய்க் காடாத் துணி எடுத்துவந்தாள். பங்குனி வெயிலில் கம்பளியைப் போர்த்தினால் பிலாத்து சிலுவைக்கு முன்னாலேயே செத்துப்போவான் என்று ஜூலியனிடம் சொல்லிவிட்டாள். இரண்டு அகலத்தை ஒட்டி அரைவட்டமாக வெட்டி, பெரிய பதவிக்காரனுக்கு ஓரத்தில் ஊதாக் கரை உண்டு என்று ஜூலியன் சொன்னபடி, ஊதா ரிப்பன் வைத்து ஓரமடித்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்தார்கள்.

முதல் தடவை துணி அவரை அப்படியே விழுங்கிவிட்டது. இரண்டாவது தடவை இடுப்போடு நழுவிக் காலடியில் கிடந்தது. "அசையாம நில்லுங்க, கல்யாணப் பொண்ணுக்குப் பொடவ கட்டறதுகூட இவ்ளோ கஷ்டமில்ல" என்று அவள் சள்ளென்று விழ, "மாப்பிள்ளையாச்சே, வெக்கமா இருக்குது" என்று அவர் நெளிந்தார். அவளுக்கு வந்த சிரிப்பில் வாயில் வைத்திருந்த குண்டூசிகள் கொட்டின. கடைசியில் பிடிபட்டது. ஒரு முனையை இடது தோளிலிருந்து முன்னால் கால்வரைக்கும் விட்டு, மற்றதை முதுகுப் பக்கம் கொண்டுபோய், வலது கக்கத்துக்குக் கீழாக எடுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே மறுபடி இடது தோளுக்கு ஏற்றினாள். அந்த மடங்கின கைமேல் மடிப்புகள் தாமாகவே உட்கார்ந்தன. இத்தனை மாசமாக வேண்டாத பொருளாக நெஞ்சில் தொங்கின கை, இப்போது ஒரு கவர்னரின் துணியைத் தாங்கிக்கொண்டு கம்பீரமாக இருந்தது. விரலெல்லாம் மடிப்புக்குள் மறைந்துவிட்டன.

அமலநாதன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "கை தெரியலல்ல?"

"தெரியவே இல்ல."

"யாருக்கும் தெரியாதுல்ல மேரி?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல?" என்று அவள் இன்னொரு மடிப்பை இழுத்து இறுக்கினாள். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் எங்கேயோ நெருடிற்று. துண்டை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய துண்டாகப் போர்த்தி அனுப்புகிறோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை உதறிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

ஒரே ஒரு சிக்கல், கை கழுவுகிற காட்சி. பிலாத்து கை கழுவாமல் பாஸ்கா ஏது? ஒத்திகையில் ஜூலியன் அதற்கும் வழி சொன்னான். வேலைக்காரன் வலது கையில் மட்டும் தண்ணீர் ஊற்றுவான், பிலாத்து விரலை ஆட்டிவிட்டுத் துடைத்துக்கொள்வான், யாரும் கவனிக்கமாட்டார்கள். அந்த வேலைக்காரன் கலியமூர்த்தி. தவளக்குப்பத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டுகிற குடும்பத்துக்காரர் அவர். ஆனால் சிலுவையையும் மேடைப் பலகையையும் வண்டியில் ஏற்றிவந்த பழக்கத்தில், பிலாத்துவுக்குத் தண்ணீர் ஊற்றும் உத்தியோகத்தையும் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறார். தனக்கு வசனம் ஒன்றுகூட இல்லையே என்று அவருக்கு ஒரு குறை உண்டு.

கையில் ஓலை பிடித்துப் பவனி போகிற குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் பாஸ்கா தொடங்கியது. கோயில் மைதானம் நிரம்பி வழிந்தது. வீராம்பட்டினத்திலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். மேடைக்குப் பக்கத்துத் தட்டிமறைவில் நின்று ஸ்டெல்லாமேரி கடைசி மடிப்பைச் சரிசெய்தாள். அமலநாதனுக்கு வேர்த்து ஊற்றியது.

"என்னால முடியாது மேரி. வேணாம்னு சொல்லிடட்டா?"

"சொல்லுங்க. நானே அந்தத் துணியச் சுத்திக்கிட்டுப் போய் நிக்கறேன். பொம்பள தோஜ் கட்டினா ஊரு என்னா சொல்லும்னு தெரியும்ல?"

அவர் மேடையேறினார். ஊதாக் கரை போட்ட வெள்ளைத் துணி கால்வரைக்கும் விழ, கொஞ்சம் இழுத்த நடையோடு வந்து நடுவில் நின்றார். கறுப்பு அங்கியையே பார்த்துப் பழகின கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு அவர் குரல் எழுந்தது. அது போகவில்லை, அப்படியே இருந்தது. இயேசுவாக நின்ற ரெக்ஸ், நாற்காலிக்கடையில் பாலீஷ் போடுகிற பையன், அந்தக் குரலில் நிஜமாகவே ஒரு நடுக்கம் நடுங்கினான். தட்டிமறைவில் ஸ்டெல்லாமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வந்துட்டார், என் ஆளு வந்துட்டார் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

கலியமூர்த்தி செம்பும் தாம்பாளமுமாக வந்தார். இந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு, இந்தத் தெருவுக்கே சொந்தமானது. மேடையில் எவ்வளவு உருக்கமான காட்சி நடந்தாலும் சரி, பிலாத்து தண்ணீரில் கையை வைத்ததும் கூட்டத்திலிருந்து கேலி கிளம்பும். "யோவ் அமலு, சோப்பு போட்டியா?", "கறை போவலய்யா, கெராசின் ஊத்து!", "தோஜ் போட்டாச்சு, வூட்டுக்குப் போவலாம்!" என்று ஆளுக்கு ஒன்று கத்துவார்கள். சாமியார்கள் மாறி மாறி வந்து கண்டித்துப் பார்த்தும் நிற்கவில்லை. பிலாத்துவுக்கு ஊர் கொடுக்கிற தண்டனை அது, அமலநாதனுக்கு ஊர் கொடுக்கிற செல்லமும் அதுதான். வெளியே முறைத்துக்கொண்டு உள்ளே அவர் அதை ருசித்துக்கொண்டிருப்பார்.

கலியமூர்த்தி ஊற்றினார். வலது கையில் தண்ணீர் விழுந்தது. அமலநாதன் விரலை ஆட்டினார். அவர் காது கூட்டத்தின் பக்கம் இருந்தது.

ஒரு குரல் வரவில்லை.

அத்தனை பேரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. பாவம், கை போன மனுஷன், இந்த வருஷமாவது சும்மா இருப்போம் என்று அவரவர் மனசிலும் அவரவர் நினைத்தது. முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். எவ்வளவு நல்ல ஜனங்கள்! ஸ்டெல்லாமேரிக்கு அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. ஏனென்றால் அமலநாதன் முகம் அவளுக்குத் தெரியும். 'சரி' என்று சொல்கிற அந்த முகம் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வசனத்தைச் சொல்லிவிட்டு இறங்கினார் என்றால் இனி அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அமலநாதன் வசனத்தைச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வலது கையை மடிப்புக்குள் விட்டு, இடது கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

தாங்குகிற கை போனதும் தோஜ் சரிந்தது. தோளிலிருந்து நழுவி, இடுப்பில் ஒரு சுற்று நின்று, மற்றது மேடையில் குவிந்தது. உள்ளே போட்டிருந்த கை வைத்த பனியனோடு அமலநாதன் நின்றார். மடங்கிய கையைத் தாம்பாளத்துக்கு மேல் கொண்டுவந்தார். மூடின விரல்களை ஒவ்வொன்றாக வலது கையால் பிரித்தார். விட்டால் உடனே மூடிக்கொண்டது, மறுபடி பிரித்தார்.

"ஊத்து கலியமூர்த்தி" என்றார், எல்லோருக்கும் கேட்க. "ரெண்டு கையுந்தான் கழுவணும்."

கலியமூர்த்திக்கு ஊற்றத் தோன்றவில்லை. செம்பைப் பிடித்தபடி கன்னத்தில் கண்ணீர் ஓட நின்றார். கூட்டத்தில் விசும்பல் ஒன்று கேட்டது, அப்புறம் இன்னொன்று. மைதானமே அழத் தயாராகிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அமலநாதனுக்கு உயிரோடே ஒப்பாரி வைத்திருப்பார்கள்.

ஸ்டெல்லாமேரிக்கு எப்படி அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. தட்டியை விலக்கிக்கொண்டு தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"யோவ் அமலு! வெரலு சந்துல அழுக்கு இருக்குது பாரு! நல்லாத் தேச்சிக் கழுவுய்யா!"

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் பேர் கேட்டதற்குக்கூட, துணைக்கு வந்தவரைப் பார்த்து "நீங்க சொல்லுங்க" என்றவள்.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் அணை உடைந்தது. "அப்டிப் போடு ஸ்டெல்லா!" என்று ஒரு குரல். "வூட்டம்மா சொல்லிட்டாங்க, தேய்யா!", "கலியமூர்த்தி, தூங்கறியா? தண்ணிய ஊத்துய்யா!", "பனியனையும் சேத்துத் தொவச்சிடு!" ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அத்தனையும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தது. சிலுவையில் சாகப்போகிற ரெக்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான், தோள் குலுங்கியது. முன்வரிசையில் பங்குச் சாமியார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார், அழுதாரோ சிரித்தாரோ. கலியமூர்த்தி செம்பைக் கவிழ்த்தார்.

அமலநாதன் கழுவினார். அவசரப்படவில்லை. சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, ஒவ்வொரு விரலாக, நகக்கண் முதற்கொண்டு தேய்த்துக் கழுவினார். கூட்டத்தைப் பார்த்து முறைத்தார். அந்தப் பழைய முறைப்பு! பிறகு இரண்டு கையையும், ஒன்றை மற்றது பிடித்தபடி, ஈரம் சொட்ட உயர்த்திக் காட்டி, மைதானத்தின் கடைசி ஆள்வரைக்கும் கேட்கத் தீர்ப்பைச் சொன்னார்.

"நான் கழுவிட்டேன்! இனிமே இந்தப் பாவம் உங்க பாடு!"

தட்டிமறைவுக்கு அவர் இறங்கி வந்தபோது தோஜ் பாதி இடுப்பிலும் பாதி தரையிலுமாக இழுபட்டது. ஸ்டெல்லாமேரி எதிரே நிற்கத் தைரியமில்லாமல், கீழே கிடந்த துணியைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"என்னா மேரி, ஊரு முன்னாடி பேரச் சொல்லிக் கூப்புட்டுட்ட?"

"ஆமா, கூப்ட்டேன். இப்ப இன்னாங்கறீங்க?"

"ஒண்ணுங்கல. இன்னொரு தடவ கூப்புடு."

"போங்க அந்தாண்ட." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஈரக்கையை இழுத்து முந்தானையால் துடைத்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆளுகள் எட்டிப் பார்த்தார்கள், அவரும் கையை மறைக்கவில்லை, அவளும் மறைக்கவிடவில்லை. துடைத்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நாளைக்குக் குருத்தோலை. இருட்டோட போறதெல்லாம் இனிமே கெடையாது. எட்டு மணிப் பூசைக்கு எல்லாரோடயும் பவனியில நடக்கறோம். ரெண்டு கையிலயும் ஓலை புடிக்கறீங்க."

அமலநாதன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். துடைத்து விட்டதுமே விரல்கள் பழையபடி உள்ளே மூடிக்கொண்டிருந்தன.

"இது தொறக்கவே மாட்டேங்குதே மேரி."

"ஓலை புடிக்கறதுக்கு எதுக்குத் தொறக்கணும்? மூடித்தான் இருக்கணும்" என்றாள் அவள்.